நீல டேப்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் கடிதம் போன வாரம் வந்தது. குடோனில் பெட்டி தூக்குவது, முதுகு வலி, பக்கத்து அறைக்காரரின் குறட்டை எல்லாம் படித்தேன். இங்கே உன் மருமகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாள். மரப்பட்டறைக் கூரையில் ஒழுகிய தகட்டை மாற்றிவிட்டோம். மாமாவின் வலது மணிக்கட்டு அப்படியேதான் இருக்கிறது. சாப்பிட முடிகிறது, உளி பிடிக்க முடியவில்லை.

உன் கடிதத்தின் கடைசியில் ஒன்று எழுதியிருந்தாய். அலமாரி மாட்டச் சொல்லி சூப்பர்வைசர் டிரில் மிஷினைக் கொடுத்தாராம். என் கையில் நிதானம் இல்லை என்று சொல்லி நீ திருப்பிக் கொடுத்துவிட்டாயாம்.

அதைப் படித்த அன்றே, பரண்மேல் சாக்கில் கட்டிப் போட்டிருந்த நம் பழைய டிரில் மிஷினை இறக்கினேன். ஒன்றரை வருடமாக யாரும் தொடவில்லை. ஸ்க்ரூ ஆறையும் கழற்றித் திறந்தேன். சுவிட்சில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பகுதிக்குப் போக வேண்டிய வயர்கள் இரண்டும் நேராக ஒன்றோடொன்று முறுக்கியிருந்தன. மேலே நீல டேப். பிரிக்க வசதியாக அதன் நுனி மடித்து விட்டிருந்தது. அப்படி நுனி மடிப்பவள் நம் வீட்டில் நான் ஒருத்திதான்.

ஏதோ இப்போதுதான் கண்டுபிடித்ததுபோல எழுதுகிறேன் பார். விபத்துக்கு முதல் நாள் அந்த மிஷின் திக்கித் திக்கி ஓடியது. புது சுவிட்ச் கிடைக்கும்வரை சமாளிக்கலாம் என்று நான்தான் அப்படி இணைத்தேன். அதன்பின் லேசாகத் தொட்டாலும் முழு வேகம்தான். உங்கள் இருவரிடமும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். என்னிடம் மோட்டார் ரிப்பேருக்கு யாரோ வந்தார்கள், அதில் மறந்துவிட்டேன். மறுநாள் காலை பூட்டுக்கு ஓட்டை போட நீ அதை எடுத்தாய். மாமா பலகையைப் பிடித்துக்கொண்டார். முனை மரத்தில் மாட்டிக்கொண்டு, பலகை சுழன்று அவர் கையை முறித்துவிட்டது.

"லேசாத்தான் தொட்டேன்க்கா, அதுவா பாஞ்சிருச்சு" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் திரும்பத் திரும்பச் சொன்னாய். இரண்டாவது முறை சொல்லும்போதே எனக்கு நீல டேப் ஞாபகம் வந்துவிட்டது. கையில் நிதானம் இல்லாதவன் என் பட்டறைக்குள் வரக்கூடாது என்று மாமா சொன்னபோதும், நீ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோதும், ஊர் நியாயமெல்லாம் பேசுகிற என் வாய் திறக்கவில்லை. உனக்கு ஆமை என்று பெயர் வைத்ததே அவர்தான். ஆமைக்கு எங்கிருந்து அவசரம் வரும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தோன்றிவிடுமோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் கையை முடக்கியது கட்டிய மனைவியான நான்தான் என்று தெரிந்தால் என் முகத்தில் விழிப்பாரா என்று பயம். தம்பிதானே, தாங்கிக்கொள்வான் என்று பழியை உன் தலையில் விட்டுவிட்டேன்.

பழைய இரும்புக் கடையில் இதே மாதிரி மிஷின் ஒன்று கிடைத்தது. அதன் சுவிட்சைக் கழற்றி நம்முடையதில் வைத்து, மோட்டாரில் தேய்ந்திருந்த கார்பன் துண்டுகளையும் மாற்றினேன். இப்போது லேசாகத் தொட்டால், முனையில் நீ பெயிண்டால் போட்ட வெள்ளைக் கோட்டை ஒவ்வொரு சுற்றிலும் பார்க்கலாம். அவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறது.

முந்தாநாள் அந்த வயர் துண்டை டேப்போடு மாமா முன்னால் வைத்துச் சொல்லிவிட்டேன். "அவன் கிளம்புறப்பவே உனக்குத் தெரியுமா?" என்று ஒன்றுதான் கேட்டார். தெரியும் என்றேன். இடது கையால் மிஷினை எடுத்து அழுத்தி அழுத்திப் பார்த்தார். அவனிடம் நான் பேசியது தப்பு என்று எழுது, பட்டறை அவனுக்குத் திறந்தே இருக்கிறது என்றும் எழுது என்றார். அதன்பின் என்னோடு பேச்சில்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

மிஷினைப் பார்சலில் அனுப்புகிறோம். கட்டியது மாமாதான். அந்தக் கையை வைத்துக்கொண்டு முடிச்சுப் போட அரை மணி நேரம் ஆனது. அவர் கூப்பிடவில்லை, நானும் கிட்டே போகவில்லை.

மூத்தவள் ஆசீர்வாதம் சொல்லித்தான் கடிதத்தை முடிக்க வேண்டும். இந்த முறை எழுதக் கை வரவில்லை. என்னை மன்னிப்பதை நீ பிறகு யோசித்துக்கொள். முதலில் பார்சலைப் பிரித்து, பிளக்கைச் செருகி, அன்றைக்குத் தொட்டதுபோலவே லேசாகத் தொட்டுப் பார். மெதுவாகச் சுற்றியது என்று ஒரு வரி மட்டும் எழுதிப் போடு.

உன் அக்கா