பெய்யாத மழைக்கு வரைந்த கோடு

சன்னாசி, மச்சான்,

இப்படிக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஐந்தாம் பாரத்தில் ஆகஸ்ட் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாள்வரை நாம் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டோம். அதற்குப் பிறகு நீ என்னைக் 'கோபால்' என்றாய். நான் உன்னைச் 'சைபர்' என்றேன். வகுப்பே உன்னை அப்படிக் கூப்பிட்டது. ஆரம்பித்து வைத்தவன் நான்.

சுற்றி வளைக்க எனக்கு வராது. நீ அன்றைக்குப் பொய் சொல்லவில்லை. பொய் அளவை எழுதியவன் நான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதை ஏன் பத்திரிகையில் போடுகிறேன் என்றால், போடச் சொன்ன ஆள் ஒருவர் இருக்கிறார். அவரிடம் பிறகு வருகிறேன். முதலில், படிக்கிறவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்.

மலாயா சுதந்திரம் வாங்கிய அந்த வருஷம் புவியியல் மாஸ்டர் நம் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தார். திடல் ஓரத்தில் ஒரு மழைமானி இருந்தது. செம்பு உருளை, மேலே புனல், உள்ளே கண்ணாடிக் குப்பி. தினம் காலை எட்டு மணிக்குக் குப்பித் தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றி, எத்தனை அங்குலம் என்று நோட்டில் எழுத வேண்டும். வாரத்துக்கு ஒருவன். அந்த எண்ணை வைத்துப் பெரிய தாளில் இந்திய மையால் கோடு இழுப்பது என் வேலை. நாளுக்கு ஒரு கோடு. மழை எவ்வளவோ கோடு அவ்வளவு உயரம். கை சுத்தம் என்று மாஸ்டர் என்னைத் தேர்ந்தெடுத்தார். அந்தத் தலைக்கனம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஏறியிருந்தது.

மற்றவர்களுக்கு அது விளையாட்டு. லிம் தன் வாரத்தில் குப்பிக்குள் ஒரு மீன்குஞ்சை விட்டுவைத்தான். எல்லாரும் சிரித்தோம். நீ மட்டும் சிரிக்கவில்லை. மீனை எடுத்துக் கால்வாயில் விட்டுவிட்டு, குப்பியைக் கழுவித் துடைத்து வைத்தாய். பத்து பெரண்டாம் விமானத் திடலில் வானிலை பார்க்கும் வேலைக்குப் போக வேண்டும் என்று உனக்கு ஆசை. அதை என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாய்.

விடுமுறை வந்தபோது ஒருவனும் கை தூக்கவில்லை. "மூணு வாரமும் நானே பாக்கறேன் சார்" என்று நீ எழுந்தாய். உன் வீடு இருந்த செமாபோக்கிலிருந்து தினம் சைக்கிள் மிதிக்க வேண்டும். உனக்கு என்ன பைத்தியமா என்று நான் கேட்டேன். காலையில் சும்மா படுத்துக் கிடப்பதற்கு இது மேல் என்றாய்.

சுதந்திரத்துக்கு முந்தைய வாரம், ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், இங்கே காஜா பேராங்கில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. பக்கத்துக் குடியிருப்பான கம்போங் செட்டியில் அம்மா ஒருவர் மலாய் மொழியில் கத்திக்கொண்டே கொடியில் கிடந்த துணிகளை அள்ளியது இன்னும் காதில் இருக்கிறது. எங்கள் வாசலில் ஒரு காலிப் பால் டின்னை வைத்தேன். மழை விட்டதும் ஸ்கேல் விட்டுப் பார்த்தேன். இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டேன்.

பள்ளி திறந்ததும் உன் நோட்டை வாங்கிக் கோடு இழுக்க உட்கார்ந்தேன். அந்த மழைக்கு மறுநாள், சனிக்கிழமைக் காலைக்கு நேராக, மழை சைபர் என்று எழுதியிருந்தாய். நான் உன்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மாஸ்டர் உள்ளே வந்ததும் வகுப்பு நடுவில் எழுந்து நின்றேன். எங்கள் தெருவில் சைக்கிள் பெடல்வரை தண்ணீர் நின்ற நாளில் இவன் மழையே இல்லை என்கிறான், இவன் பள்ளிக்கே வரவில்லை என்றேன்.

நீ எழுந்தாய். "நான் வந்தேன் சார். குப்பியில தண்ணி இல்ல."

"பொய் சொன்னாலும் பொருத்தமா சொல்லுடா, சைபர்" என்றேன். வகுப்பு சிரித்தது. நீ இன்னொரு முறை "நான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாய். அவ்வளவுதான். ஏன் மச்சான்? ஏன் மேஜையைத் தட்டிச் சண்டை போடவில்லை? ஏன் என் சட்டையைப் பிடிக்கவில்லை?

மாஸ்டர் உன்னிடமிருந்து நோட்டை வாங்கிக்கொண்டார். வரைபடத்தின் அடியில், அளவெடுத்தவர்கள் பட்டியலில், உன் பெயரைச் சிவப்பு மையால் அடித்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் என்னை நம்பினார். அந்த நாளுக்கு என்ன போடுவது என்று கேட்டார். என் பால் டின் அளவைச் சொன்னேன். போடு என்றார். போட்டேன். நல்ல கருப்பான கோடு, கொஞ்சமும் கலையாத ஓரம்.

சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை முடிந்து பள்ளிச் சான்றிதழ் வாங்கினோம். எனக்கு 'நம்பகமானவர்' என்று இருந்தது. உனக்குப் 'பொறுப்பில் கவனம் போதாது'. அதைக் கொண்டுபோய் வானிலை நிலையத்தில் நீட்ட உனக்கு மனம் வரவில்லை. நீ மரம் ஏற்றும் லாரியில் வேலைக்கு ஏறினாய். நான் கோலாலம்பூருக்குப் படிக்கப் போனேன். மூவார் சாலையில் லாரி கவிழ்ந்து நீ போய்விட்ட செய்தி எனக்கு விடுதியில்தான் கிடைத்தது. அதை நான் செய்தேன் என்று சொல்லமாட்டேன். லாரியின் பிரேக் செய்தது. ஆனால் உன்னை லாரிவரை கொண்டுபோனதில் என் கோட்டுக்குப் பங்கு இல்லை என்றும் சொல்லமாட்டேன்.

இப்போது நான் நீர்ப்பாசன இலாகாவில் தொழில்நுட்ப உதவியாளன். என் மேஜைக்கு வருகிற முதல் தாள் எது தெரியுமா? மழை அளவுதான். சேர்ந்த இரண்டாம் வாரம் ஒன்றரை மைல் தள்ளியிருந்த இரண்டு மானிகளின் தாள்கள் வந்தன. ஒன்றில் கிட்டத்தட்ட இரண்டு அங்குலம், மற்றதில் ஒன்றும் இல்லை. இரண்டாவது ஆள் போகவில்லை என்று பென்சிலால் குறித்தேன். பக்கத்து மேஜை யூசோப் எட்டிப் பார்த்து, இவ்வளவு படித்தவன் மலாக்காவில்தான் பிறந்தாயா என்று மலாயில் கேட்டுச் சிரித்தான். இங்கே சாலைக்கு இந்தப் பக்கம் பெய்யும், அந்தப் பக்கம் காயும், இது அவன் தங்கைக்குக்கூடத் தெரியும் என்றான்.

எனக்கும் தெரியும், சன்னாசி. வீட்டில் நனைந்து கிளம்பி, பள்ளி இருக்கிற பண்டார் ஹிலிரில் புழுதியில் போய் இறங்கியது எத்தனை தடவை? பேனா கையில் இருந்ததால் கண்ணால் பார்த்தது மறந்துபோயிற்று.

ஆனாலும் எனக்கு ஊகம் போதாது, ஆதாரம் வேண்டும். பள்ளிக்குப் போனேன். பெருமாள் அண்ணன் இன்னும் அங்கேதான் தோட்ட வேலை பார்க்கிறார். சுதந்திரத்துக்கு முந்தைய வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, மழை பெய்ததா என்று கேட்டேன். நாலு வருஷத்துக்கு முந்தைய மழையைக் கேட்கிறானே என்று சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் யோசிக்கவே இல்லை.

"அன்னிக்கித்தானே திடல் செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சேன். கொண்டாட்டத்துக்கு வெள்ளையா நிக்கணும்னு பெரிய சார் உத்தரவு. ஒங்க வீட்டுப் பக்கம் வானம் கறுத்துக்கிட்டு நின்னுச்சு. இந்தா வருது, அந்தா வருதுன்னு பயந்துக்கிட்டே அடிச்சேன். ஒரு சொட்டு விழல. விழுந்திருந்தா என் சுண்ணாம்பு நின்னிருக்குமா?"

மறுநாள் காலையில் நீ வந்ததையும் அவரே சொன்னார். குப்பியைக் கவிழ்த்துப் பார்த்து, "அண்ணே, ஒங்க சுண்ணாம்பு தப்பிச்சிருச்சு" என்று சிரித்தாயாம்.

"இத ஏண்ணே அப்பவே சொல்லல?"

"என்னை யாரு கேட்டா?"

நீயும் அவர் பெயரைச் சொல்லவில்லை. 'நான் வந்தேன்' என்று நீ சொன்னால் நான் நம்புவேன் என்று இருந்துவிட்டாயா?

அங்கிருந்து நேராகச் செமாபோக் போனேன். உன் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. கையிலிருந்த சட்டையை மடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"எம் புள்ள பொய் சொன்னான்னு எங்க நின்னு சொன்ன?"

"வகுப்புலம்மா. எல்லாரு முன்னாடியும்."

"அப்ப இத எங்கிட்ட வந்து ஏன் சொல்ற? நான் எப்பயாச்சும் அவன சந்தேகப்பட்டேனா? அங்க போயி சொல்லு. ஊருக்கே கேக்கறாப்ல சொல்லு."

இதைப் பத்திரிகையில் போடச் சொன்ன ஆள் அவர்தான். நம்முடன் படித்த முப்பத்தைந்து பேரும் இப்போது எங்கெங்கோ இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படவேண்டும். உன்னைச் 'சைபர்' என்று கூப்பிட்ட ஒவ்வொருவனும் இதைப் படிக்கவேண்டும்.

வரைபடம் இன்னும் புவியியல் அறையில் தொங்குகிறது. கண்ணாடிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் பாராட்டுகிறார்களாம். புதுத் தலைமையாசிரியரிடம் திருத்த அனுமதி கேட்டேன். பழைய தாள், யார் பார்க்கப் போகிறார்கள், வேண்டுமானால் ஒரு சனிக்கிழமை ஆள் இல்லாத நேரத்தில் வந்து செய்துகொள் என்றார். முடியாது என்றேன். மூன்று முறை போனேன். கடைசியில், அடுத்த புதன்கிழமை, ஐந்தாம் பாரத்தின் புவியியல் பாட நேரத்தைக் கொடுத்தார். லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பெருமாள் அண்ணனும் வருகிறார். உன் அம்மாவை நானே கூட்டிப்போகிறேன்.

என்ன செய்வேன் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். மாணவர்கள் முன்னால் சட்டத்தைக் கழற்றி, நடந்ததை முதலில் வாயால் சொல்வேன். பிறகு சவர பிளேடால் என் கோட்டைக் கீறி எடுப்பேன். இந்திய மை அப்படித்தான் போகும். அதற்குப் பதிலாக எதையும் வரைய வேண்டியதில்லை. மழை இல்லாத நாளுக்குக் கோடு கிடையாது. அடியில் உன் பெயரின்மேல் கிடக்கும் சிவப்பையும் கீறிவிட்டு, கருப்பு மையால் மறுபடி எழுதுவேன்.

கீறிய இடத்தை நகத்தால் தேய்த்தால் தாள் வழவழப்பாகிவிடும், தடம் தெரியாது. கோலாலம்பூர் படிப்பில் எங்களுக்கு அப்படித்தான் பழக்கினார்கள். நான் தேய்க்கமாட்டேன். சொரசொரப்பாகவே கிடக்கட்டும். பார்க்கிற பையன் எவனாவது, இங்கே என்ன இருந்தது என்று கேட்கட்டும். கேட்டால் சொல்லப் பெருமாள் அண்ணன் இருக்கிறார். இந்தத் தடவை அவரைக் கேட்பார்கள்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்குத் திடலில் இருப்பேன். முதலில் குப்பியைப் பார்ப்பேன். என்ன இருக்கிறதோ அதை எழுதுவேன்.

நீ மச்சான் என்று கூப்பிட்ட, பிறகு கூப்பிடாமல் விட்ட,
உன் மச்சான்
கோபால்
காஜா பேராங், மலாக்கா