பன்னிரண்டு மணி நிழல்

பிப்ரவரி 3
முழங்கால் இன்னும் மடங்கவில்லை. பனியில் வழுக்கி விழுந்ததைச் சாக்காக வைத்து மகன் என் படம் வரைகிற ஸ்டாண்டைப் பரண்மேல் ஏற்றிவிட்டான். "ரூம்லயே உக்காந்து வரைங்கப்பா" என்கிறான். எதை? இந்த அறை ஜன்னலைத் திறக்கக்கூட முடியாது. கோடு போடாமல், வெளிச்சம் நகர்வதற்குள் வண்ணத்தை அப்பி முடிக்கிறவன் நான். கண் முன்னால் இல்லாத எதையும் நாற்பது வருஷமாக வரைந்ததில்லை.

பிப்ரவரி 5
கேலரிக்காரர் போன் செய்தார். என் சொந்த ஊர் ஆற்றை வரைந்து தந்தால் கண்காட்சியில் ஒரு சுவர் முழுக்க எனக்கே தருவாராம். இந்த ஊர்த் தெருக்களை வரைய இங்கே பிறந்தவர்கள் இருக்கிறார்களாம். நாற்பது வருஷம் கழித்தும் இந்தக் குளிர் நாட்டில் நான் விருந்தாளி! முடியாது என்று வைத்துவிட்டேன். எழுபத்து நான்கு வயதில் இன்னொரு சுவர் எப்போது கிடைக்கும்?

பிப்ரவரி 9
ஆற்றை ஆரம்பித்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 2
ஒன்பது படம் முடிந்தது. மருமகள் கல்யாணமாகி ஊரிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. டீ கொண்டுவந்தவள் படங்களைப் பார்த்து நின்றுவிட்டாள்.
"இது சாயங்காலமா மாமா?"
நடு மத்தியானம் என்றேன்.
"நம்ம ஊர் உச்சி வெயில்ல நிழல் காலடியிலதானே கிடக்கும்? இதுல மரத்து நிழல் ஆத்தையே தாண்டிப் போகுதே."
நேற்று வந்தவள் எனக்கு வெயில் சொல்லித் தருகிறாள். போய் வேலையைப் பார் என்றேன். டீயையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 3
பகல் பன்னிரண்டு. ஜன்னலில் நின்று பார்த்தேன். விளக்குக் கம்பத்தின் நிழல் எதிர் வாசல்வரை கிடக்கிறது. அதே நீளம், அதே நீலம். ஒன்பது படத்திலும் இந்த ஊர்ச் சூரியன்தான் காய்கிறது. என்னடா செஞ்சு வச்சிருக்கே? ஊர் உச்சி வெயிலை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன் — கால் சுட்டது ஞாபகம் வருகிறது. கண்ணுக்கு ஒன்றும் வரவில்லை.

மார்ச் 6
கேலரிக்காரர் வந்து பார்த்துப் பூரித்துப்போனார். நிழல் தப்பு என்றேன். "யாருக்குங்க தெரியப் போகுது?"
எனக்குத் தெரியும். மருமகளுக்குத் தெரியும். தர மாட்டேன் என்றேன். மகன் அவர் எதிரிலேயே தலையில் அடித்துக்கொண்டான்.

மார்ச் 7
சுவர் வேறொருவருக்குப் போய்விட்டது.

மார்ச் 14
மகன் வேலைக்குக் கிளம்பியதும் மருமகள் நாற்காலி போட்டு ஏறி, நான் கேட்காமலே ஸ்டாண்டை இறக்கினாள். பேருந்து நிறுத்தம்வரை கைத்தாங்கலாகக் கூட்டிப்போனாள். பன்னிரண்டு மணி வெயிலில் தெருவை வரைய ஆரம்பித்தேன். மறைக்காமல் தள்ளி நில் என்றேன்.
"தள்ளிதான் நிக்கறேன் மாமா. நிழல்தான் வருது."
அப்படியே இரு, அசையாதே என்றேன். அவள் காலில் தொடங்கிய நீலம் கான்வாஸ் விளிம்பையும் தாண்டிப் போகிறது. போகட்டும்.