கஞ்சி போடாத வேட்டி

அடுக்களையிலிருந்து வடிகஞ்சி வாசம் வருகிறது. நாளைக்கு எனக்குப் பென்ஷன் பரிசோதனை. என் வீட்டுக்காரி வேட்டியைக் கஞ்சியில் முக்கப் போனாள். "போடாதே" என்று அதட்டினேன். பயந்துபோனாள். உம்மை நினைத்துத்தான் அதட்டினேன் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

நீரும் நானும் ஸ்ரீவைகுண்டம் அணையில் மதகு திறக்கிற லஸ்கர்களாகச் சேர்ந்து, ஒன்றாகவே தேய்ந்தோம். எனக்கு முழங்கால் போயிற்று, உமக்கு மூச்சு. மதகுப் பலகையைத் தூக்கும் திருகைக் கொஞ்சம் சுற்றினாலே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர். வேலை வயது முடியுமுன் பென்ஷன் வேண்டுமானால் உடம்பு தளர்ந்துவிட்டதென்று காட்ட வேண்டும். ஆபீஸ் வேப்பமரத்திலிருந்து வராந்தா வரை துரைக்கு முன்னால் நடக்க வேண்டும். நடந்துவிட்டால் வேலை, விழுந்தால் பென்ஷன்.

கேட்டதும் உம் முகம் கறுத்துவிட்டது. தாது வருஷப் பஞ்சத்தில், சிறு பையன்களாகக் கஞ்சித்தொட்டி வாசலில் நாம் பார்த்த அதே விதி. நிற்க முடிந்தவனுக்குக் கல்லுடைக்கிற வேலை, விழுந்தவனுக்குக் கஞ்சி. ஆபீஸ் குமாஸ்தா ஒளிக்காமலே சொன்னார்: "பஞ்சத்துக்கு எழுதுன சட்டத்தையே தூசி தட்டி இதுக்கும் வச்சிருக்காவ. புதுசா யோசிக்க யாருக்குவே நேரம்?"

அந்தப் பஞ்சத்தில் உம்மைப் பெற்றவள் உம் காதில், "விழுலே, விழுந்து கெட" என்றாள். விழுந்தீர். எழுந்தால் பிடுங்கிவிடுவார்களோ என்று கிடந்தபடியே குடித்தீர். நிமிர்ந்து நின்ற உம் அப்பா கல்லுடைக்கப் போய், அங்கேயே முடிந்தார்.

உம் பரிசோதனைக்கு முந்தின நாள் உம்மிடம் கெஞ்சினேன்.

"கொஞ்சம் தள்ளாடி நடவும் வே. தெரிஞ்சவன் யாரு பாக்கப் போறான்?"

"நான் பாப்பேன்லா."

"மதினிய நெனச்சுப் பாரும்."

"எங்கப்பன் விழாமப் போனான், நான் விழுந்து பொழச்சேன். இன்னொருக்கா விழ என்னால ஏலாது வே."

சவரம் செய்து, கஞ்சி போட்ட வேட்டி மொடமொடக்க வந்தீர். மூச்சை அடக்கிக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடந்து, துரைக்கு ஒரு கும்பிடும் போட்டீர். துரைக்கு ஏக சந்தோஷம். திடமான ஆள் என்றாராம். தூணுக்குப் பின்னால் வந்து, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு நீர் மூச்சிரைத்ததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

ஐப்பசி வெள்ளத்தில் மதகு திறக்கையில், திருகைப் பிடித்தபடியே மூச்சு நின்று போய்விட்டீர். உம் விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன். மதினி ஆபீசுக்குப் போய் நின்றாள். "பென்ஷன் வேலைய விட்டு வீட்டுக்குப் போனவுகளுக்குத்தாம்மா. இவரு வேலையில இருக்கும்போதே போயிட்டாருல்லா" என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது யாரோ ஒருவருடைய வாழைத்தோட்டத்தில் சருகு அறுக்கிறாள்.

உமக்கு ஒரு சேதி. உம்மால் சட்டம் திருந்தியிருக்கிறது. "அழகா நடந்து காட்டுன ஆளு அடுத்த வெள்ளத்துலயே போயிட்டான், நடை மட்டும் போதாதுன்னு மேலருந்து எழுதிட்டாவ" என்றார் குமாஸ்தா. இனி வராந்தாப் படியிலும் ஏறி இறங்க வேண்டுமாம். விழுவதற்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கிறார்கள். நீர் இருந்திருந்தால் சிரித்திருப்பீர், சிரித்து மூச்சிரைத்திருப்பீர்.

உம்மேல் எனக்குக் கோபம்தான் வே. அந்த ஒரு நடைக்காக மதினியைத் தெருவில் விட்டீர். ஆனாலும் அதுபோல ஒருத்தன் நடந்து நான் பார்த்ததில்லை.

என் முழங்கால் நிஜமாகவே போய்விட்டது. ஆனால் நிஜ வலிக்குத் துரை பார்க்கிற நேரத்தில் விழத் தெரியாது. அதனால் மத்தியானம் முழுக்கக் கொல்லையில் விழுந்து பழகினேன். வீட்டுக்காரி பார்த்து அழுதாள். விழுகிற ஒவ்வொரு தடவையும் என் கண்ணுக்குள் ஆபீஸ் வேப்பமரத்தடியிலிருந்து நீர் நிமிர்ந்து நடந்துபோனீர்.

நாளைக்கு அழுக்கு வேட்டியோடு போய் விழுவேன். நீர் மட்டும் பார்த்துவிடாதேயும்.