வளர்க்கக் கொடுத்த பிள்ளை

அக்கா,

நேற்று துணிக்கார பாய் சைக்கிளோடு நம் சந்துக்கு வந்தார். உங்கள் வீடு பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு என் வாசலில் மூட்டையை இறக்கினார். "இன்னாம்மா, அக்கா எங்க? பொண்ணு பெரிசாயிருக்கும் இல்ல, இந்தத் தபா தாவணி கொண்டாந்திருக்கேன்" என்றார். புதுத்துணியின் கஞ்சி வாசனை குப்பென்று அடித்தது. நீங்கள் கர்த்தரிடம் போய்விட்டதைச் சொன்னேன். மூட்டையைப் பிரிக்காமலே திரும்பச் சைக்கிளில் வைத்துக் கட்டினார். கயிற்றை முடிந்துகொண்டே, "பொண்ணுக்குத் தகவல் குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

எந்த ஊருக்கென்று கொடுப்பது? அந்த மனுஷனுக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் இப்போது உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்கு இருமலில் ரத்தம் வந்த வருஷம், உங்கள் மகளுக்கும் என் மகளுக்கும் இன்னும் பல் முளைக்கவில்லை. உங்கள் வீட்டுக்காரர் அதற்கு முன்பே மஞ்சள் காமாலையில் போய்விட்டார். பிள்ளையைக் கிட்டே வைத்துக்கொள்ளக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். வேலூர்ப் பக்கத்துக் குழந்தைகள் விடுதியில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் படுத்தீர்கள். அங்கேதான் அந்த வெள்ளைக்கார அம்மாவும் ஐயாவும் பிள்ளையைப் பார்த்தார்கள்.

அவர்களுக்குக் கொடுக்க நீங்கள் சம்மதித்தபோது என்னைக் காட்டித்தான் சொன்னீர்கள். "நீ வாலாஜாவுல உங்க பெரியம்மா வூட்ல வளரலயா? அது மாதிரி இது சீமையில வளரட்டுமே."

நம் பக்கத்தில் அப்படித்தானே வழக்கம். பிள்ளையில்லாத வீட்டுக்கு ஒன்றைக் கொடுப்பார்கள். கிறிஸ்மஸ் வந்தால் கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள். பெற்றவள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, புதுப்பாவாடை கட்டி அனுப்புவாள். எனக்கு இரண்டு தாய் இருந்தார்கள். இரண்டு பேரிடமும் அடி வாங்கினேன். கொடுத்தால் போய்விடும் என்று நமக்கு யார் சொன்னார்கள்?

விடுதி வார்டன் அம்மாவிடம் நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "தலைக்கு எண்ணெய் வெச்சு விடச் சொல்லுங்க. கிறிஸ்மஸ் கிறிஸ்மஸுக்குக் கூட்டினு வரச் சொல்லுங்க." அவர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அந்த இரண்டு பேரும் சிரித்த முகமாகத் தலையை ஆட்டினார்கள். "சரின்னு சொல்றாங்க" என்றார் வார்டன் அம்மா. அவர் அவர்களிடம் என்ன சொன்னார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுவருஷம் விடுதி மூலமாக ஒரு போட்டோ வந்தது. அதைப் பார்த்து, "எண்ணெயே வெக்கறதில்லடி, முடியெல்லாம் செம்பட்டையாப் பூடுச்சு பாரு" என்று கோபித்துக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. நீங்கள் குணமாகி டேனரி வேலைக்குத் திரும்பினீர்கள். வருஷா வருஷம் பாயைக் கூப்பிட்டு, என் மகளை நிற்க வைத்து அளவு பார்த்து, உங்கள் மகளுக்குத் துணி எடுத்துத் தைத்து வைத்தீர்கள். கிறிஸ்மஸ் தாண்டியதும், "சும்மாக் கெடந்து வீணாப்போவுது, நம்ம பாப்பா போட்டுக்கட்டும்" என்று கொடுப்பீர்கள். என் மகள் அந்தத் துணியில்தான் வளர்ந்தாள்.

பிறகு சட்டம் மாறியது. கோர்ட்டில் தீர்ப்பு வந்ததாம். வெளிநாட்டுக்குப் பிள்ளையை அனுப்பும் முன் பெற்றவளுக்குப் புரிகிறபடி எல்லாம் சொல்ல வேண்டும், மனசு மாற அவகாசம் தர வேண்டும், முதலில் இங்கேயே வீடு தேட வேண்டும். அப்போது நமக்கு இது எதுவும் தெரியாது. எதிர்வீட்டு எஸ்தரைப் புருஷன் கைக்குழந்தையோடு விட்டுவிட்டு ஓடியபோது, "பேஜார் படாத, வளர்த்துக் குடுப்பாங்க, நான் கூட வர்றேன்" என்று நீங்கள்தான் தைரியம் சொன்னீர்கள். மூன்று பேரும் பஸ் ஏறினோம்.

விடுதியில் புதிதாக வந்திருந்த அம்மா எஸ்தரை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். "நல்லாக் கேட்டுக்கம்மா. குடுத்துட்டா அது உன் பிள்ளை இல்ல. பேரு மாறிடும். உங்கிட்ட திரும்பி வராது. அவசரப்படாத, போய் யோசிச்சுட்டு வா."

நீங்கள் சிரித்தீர்கள். "இன்னாம்மா சின்னப் பொண்ணப் போயி இப்படி பயமுறுத்துறீங்க? எம்பொண்ணு இங்கருந்துதான் போச்சு. படிப்பு முடிஞ்சா வந்துடும்."

"யாரும்மா சொன்னாங்க அப்படி?"

"அப்ப இருந்த வார்டன் அம்மாதான். கூட்டினு வர அவங்க சரின்னாங்கன்னு சொன்னாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "அப்ப இந்த விதியெல்லாம் இல்லம்மா" என்று சொன்னபோது அவர் குரல் இறங்கியிருந்தது. நல்ல மனுஷி. எஸ்தருக்கு நல்லது செய்ய வந்தவர் வாயால்தான் உங்களுக்கு அது தெரிய வேண்டியிருந்தது.

எஸ்தர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். பஸ்ஸில் அதை நீங்கள் மடியில் வாங்கிக்கொண்டீர்கள். பள்ளிகொண்டா தாண்டியதும், "இத அன்னிக்கே சொல்லியிருந்தா நானும் எழுந்து வந்திருப்பேன், இல்ல?" என்றீர்கள். எஸ்தர்தான் அழுதாள். ஆம்பூர் வரும்வரை நீங்கள் பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அந்த வருஷமும் துணி எடுத்தீர்கள். ஆனால் என் மகளைக் கூப்பிட்டு அளவு பார்க்கவில்லை. "குத்துமதிப்பா, பெரிசாவே குடு பாய்" என்றீர்கள். தைத்ததை யாருக்கும் கொடுக்கவுமில்லை.

கடைசியாக ஆஸ்பத்திரியில் கஞ்சி ஊட்டும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். "ஏண்டி, வேணாம்னு தள்ளிவுட்டுட்டாளேன்னு அது என்னை நெனச்சுக்கினு இருக்குமா?"

"எங்கம்மாவ நான் அப்படி நெனச்சனா அக்கா?"

"உனக்குத்தான் வருஷா வருஷம் உங்கம்மா தலைக்கு எண்ணெய் தேய்ச்சினே ஏன் குடுத்தேன்னு சொன்னாங்களே. அதுக்கு யாருடி சொல்லுவாங்க?"

கரண்டியில் கஞ்சி ஆறிப்போனது.

சட்டம் வந்தது நல்லதுதான். எஸ்தரின் பையன் என் வாசலில்தான் கோலி ஆடுகிறான். அவனைப் பார்த்து நான் சந்தோஷப்படுகிறேன், பொய் சொல்லவில்லை. பார்த்து முடித்து உள்ளே வந்த பிறகுதான் பஸ்ஸில் நீங்கள் கேட்டது ஞாபகம் வருகிறது.

சாப்பாட்டுக்கு முன் ஜெபத்தில் என் பிள்ளைகளின் பெயர்களோடு உங்கள் மகள் பெயரையும் சொல்லி வருகிறேன். நீங்கள் வைத்த பெயரை இந்தச் சந்தில் சொல்ல இனி நான்தான் இருக்கிறேன். ஜெயராணி என்று கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். தெரியும். ஆனாலும் கூப்பிடாமல் இருக்க என்னால் ஆகவில்லை, அக்கா.