நாற்பத்து மூன்றாம் பக்கம்

போர்ட் பிரி
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகன் கொர்ராடோவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் சுகம், அவருடைய இதயமும் இப்போதைக்குச் சொன்னபடி கேட்கிறது. நீயும் சுகமாகத்தான் இருப்பாய், இல்லாவிட்டால் இப்படி ஒரு கடிதத்தை எங்களிடம் கேட்க உனக்கு மனசு வந்திருக்காது. டார்வினில் மழை தொடங்கிவிட்டதா என்று கேட்க நினைத்தேன், அந்த அளவுக்கு அக்கறை இப்போது எனக்கு இல்லை.

நீ அனுப்பிய விண்ணப்பத்தை ஒரு வரி விடாமல் படித்தேன். தொழில் பழகுகிற அப்ரண்டிஸ்களை உன் நிறுவனமே வேலைக்குச் சேர்த்துக்கொள்ளுமாம், வேலை இருக்கிற பட்டறைகளுக்கு அனுப்பி வைக்குமாம், ஒரு முதலாளி கைகழுவினால் அந்தப் பிள்ளைகளை நடுத்தெருவில் விடாமல் இன்னொரு முதலாளியிடம் சேர்த்துவிடுமாம். நல்ல யோசனைதான், அது யாருக்கு வந்த யோசனை என்பதில்தான் எனக்கு வயிறு எரிகிறது. பதிவு செய்துகொடுக்கிற அலுவலகம் ஒரு கேள்வி கேட்கிறது, உன் பொறுப்பில் இருந்த அப்ரண்டிஸ் யாராவது பயிற்சியை முடிக்க முடியாமல் போனதுண்டா என்று. நீ இல்லை என்று போட்டிருக்கிறாய். அதற்கு ஆதாரமாக, நம் குழாய் வேலைக் கம்பெனியில் அப்ரண்டிஸ்களை அப்பாதான் பார்த்துக்கொண்டார் என்று நாங்கள் இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம், மாதக் கடைசிக்குள் வராவிட்டால் பதிவு போய்விடுமாம். கம்பெனியை மூடுவதற்கு முந்தின ஒன்றரை வருஷம் உன் அப்பா நெஞ்சைப் பிளந்து தைத்துக்கொண்டு அடிலெய்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தார். கம்பெனியை நடத்தியவன் நீ. நம்மிடம் அப்ரண்டிஸாக இருந்த கிர்ஸ்டிக்கு வேலை பழக்க வேண்டியவனும் நீ.

உன் அப்பாவோ, "எழுதிக் குடுத்துடு லொரெட்டா, அவன் பொழப்பு கெடக் கூடாது. என் மேல போட்டா எனக்கென்ன, நண்டு புடிச்சிக்கிட்டுக் கெடக்கற ஆளு நான்" என்கிறார். சொன்னதோடு நிற்காமல் எழுதிக் கையெழுத்தும் போட்டார். நான் அதைக் கிழித்து மீன் செதிலோடு குப்பையில் போட்டேன், இரண்டு நாளாக அவர் என்னோடு பேசுவதில்லை.

கிழித்ததற்குக் காரணம் இருக்கிறது. போன மாதம் பழைய வேனை விற்றோம். சுத்தம் செய்ய ஓட்டுநர் இருக்கையைக் கழற்றினால் அடியில் கிர்ஸ்டியின் வேலைப் பதிவுப் புத்தகம் கிடக்கிறது. அவள் செய்த ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம், பக்கத்தின் அடியில் பழக்கியவர் கையெழுத்துக்கு ஒரு கட்டம். முப்பத்தோராம் பக்கம் வரை அப்பாவின் கையெழுத்து, அதற்குப் பிறகு எல்லாம் வெறும் கட்டம். வெள்ளிக்கிழமைதோறும் அவள் புத்தகத்தை நீட்டுவாள், "அடுத்த வெள்ளி மொத்தமாப் போட்டுடறேன், எங்க ஓடியா போகப் போறேன்" என்று வாங்கி வேனுக்குள் எறிவாய், என் காதாலேயே கேட்டிருக்கிறேன். பிறகு கம்பெனியை மூடினாய், ஓடியும் போனாய். புத்தகத்தை அவள்தான் தொலைத்தாள் என்று ஊர் முழுக்கச் சொன்னாய். பெற்ற பாவத்துக்கு நானும் நம்பினேன். கோயில் வாசலில் நாலு பேர் முன்னால், "சொந்தப் புத்தகத்தையே காப்பாத்தத் தெரியல, நீ என்னத்தத் தொழில் செய்யப் போற" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது.

சனிக்கிழமை புத்தகத்தை எடுத்துக்கொண்டு கோதுமைக் கிடங்குக்குப் போனேன், அங்கே லாரிகளை எடை போடுகிற வேலையில் இருக்கிறாள். உட்காரச் சொல்லவில்லை. "முடிக்க அஞ்சு மாசம்தான் இருந்துச்சு, மிஸஸ் மின்னெர்வீனி. கையெழுத்து இல்லன்னா வேலையே செய்யலன்னு அர்த்தமாம், திரும்ப ரெண்டாம் வருஷத்துல இருந்து வான்னு பயிற்சி ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. புத்தகத்தத் தொலைச்சவள எந்த முதலாளி எடுப்பான்?" என்றாள். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்று, "உங்க வீட்டுக் குளியலறைக் குழாய் ஒழுகுதா?" என்று கேட்டாள். ஏழு வருஷமாக ஒரு சொட்டு ஒழுகியதில்லை, தினமும் அதில்தான் முகம் கழுவுகிறேன். அதைச் சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது, அவளுக்கு வரவில்லை.

அந்தப் புத்தகத்தைத்தான் இதோடு அனுப்பியிருக்கிறேன். கண்ணால் பார்த்த வேலைக்கு மட்டும் கையெழுத்துப் போடு, இன்றைய தேதியைப் போடு, முன்தேதி போட்டாயானால் உன் முகத்தில் விழிக்க மாட்டேன். விண்ணப்பத்தில் இல்லை என்பதை அடித்து ஆமாம் என்று எழுது, கீழே அவள் பெயரையும் எழுது. நீ எழுதாவிட்டால் நான் எழுதுவேன், அந்த அலுவலகத்தின் முகவரி நீ அனுப்பிய தாளிலேயே இருக்கிறது. பதிவு கிடைக்காமல் போனால் போகட்டும். இந்த வருஷம் போட்ட தக்காளிச் சாஸில் உன் பங்கு பன்னிரண்டு பாட்டிலையும் அவளுக்குக் கொடுத்துவிட்டேன், கேட்காதே.

வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே. புனித கொர்ராடோ உன்னைக் காக்கட்டும், அவர் பெயரை உனக்கு வைத்ததற்கு அவரிடம் தினமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மறக்காமல் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் முதலில் கையெழுத்துப் போடு, அது என் குளியலறை. இன்னொன்று. உன்னைத் திட்டுகிற வேகத்தில் உன் புது நிறுவனத்தைப் பற்றியும் அவளிடம் உளறிவிட்டேன். வெளியே லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, அவள் எழுந்து போகாமல், "அதுல முப்பது வயசுக்காரங்களையும் சேத்துக்குவாங்களா?" என்று கேட்டாள். பதிலை எனக்கு எழுத வேண்டாம், அவளுக்கு எழுது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
லொரெட்டா மின்னெர்வீனி