எனக்காக மாட்டிய கம்பி

போகிக்காகப் பரணைக் காலி செய்துகொண்டிருந்தேன். கிழிந்த பாய், மூடி தொலைந்த ஊறுகாய் ஜாடி, கரையான் தின்ற முறம் எல்லாம் இறங்கிய பிறகு, சுவரோரமாகக் கோணிச் சாக்கில் சுற்றி வைத்திருந்த அந்தக் கம்பி கைக்கு வந்தது. சாக்கைப் பிரித்ததும் துரு வாசனை அடித்தது. அதற்கடியில் லேசாக இன்ஜின் எண்ணெய் வாசனை. இத்தனை வருஷமாகியும் போகவில்லை. மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரும் பெண்ணின் சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்க இடப்பக்கம் ஒரு கம்பி வலை மாட்டுவார்களே, அதுதான். சாரி கார்டு என்பார் என் வீட்டுக்காரர். நடுவில் உள்ளே மடங்கி, ஒரு ஓரம் பிய்ந்து கிடந்தது. வாசலில் பழைய இரும்புக்காரன் தராசோடு நின்று, "இன்னாம்மா, இன்னும் ஏதாவது இருக்குதா?" என்று குரல் கொடுத்தான். நான் கம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது.

நீ போய்ச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. செத்தவள்மேல் என்ன கோபம் என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். நீ உயிரோடு இருந்தவரை "வாங்க, உட்காருங்க" என்றுதான் உன்னைக் கூப்பிட்டேன். பஞ்சாயத்து யூனியனில் கிராம சேவிகா, அரசாங்க உத்தியோகம், அதனால் அந்த மரியாதை. இனி எதற்கு அதெல்லாம்? நீ என்னை அக்கா என்றாய். அந்த உரிமையில் இந்த மடலில் நீ எனக்கு "நீ"தான்.

அவர் அந்த வண்டியை வாங்கியது எங்களுக்குக் கல்யாணமான மறு வருஷம். பம்புசெட் கடையில் வேலை. கிராமம் கிராமமாகப் போய், கிணற்றில் இறங்கித் தண்ணீர் மட்டம் பார்த்து, குடியானவர்களிடம் பேசி இன்ஜின் விற்க வேண்டும். பழைய வண்டிதான், ஆனால் எங்கள் பிள்ளையார்பாளையத்துத் தெருவில் அப்போது வேறு மோட்டார் சைக்கிளே கிடையாது. வாங்கிய வாரமே பட்டறையில் கொடுத்து இந்தக் கம்பியை அடித்து மாட்டிக்கொண்டு வந்தார். "ஒனக்காகத்தாம்மா. கோயிலுக்கு வண்டியிலயே பூட்டு வந்துடலாம்" என்றார்.

எனக்கு வெட்கம். காலையில் நெசவுக்கான பாவு நூலைத் தெரு நீளத்துக்கு விரித்துவிட்டால் வண்டி வீட்டு வாசலுக்கு வராது. தெரு முனைவரை தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அங்கே பாவுக்குக் கஞ்சி போடுகிற அத்தனை பேர் பார்க்க நான் புருஷன் முதுகுக்குப் பின்னால் ஏறி உட்கார வேண்டுமா? ஆடிக்கு ஆகட்டும் என்றேன், தீபாவளிக்கு ஆகட்டும் என்றேன். அவரும் ஒவ்வொரு தடவையும் கேட்டுப் பார்த்துவிட்டுத் தனியாகக் கிளம்பிப் போவார். கடைசியில் அந்தக் கம்பிமேல் முதன்முதலாகச் சேலை உரச உட்கார்ந்தவள் நீ.

அன்றைக்கு நடந்ததில் உன் தப்பு ஒன்றுமில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஐ.ஆர்.எட்டு நெல் வந்த புதிது. வாலாஜாபாத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் விவசாயிகள் கூட்டம். நீ விதை நெல்லைப் பற்றிப் பேசினாய், இவர் பம்புசெட் பற்றிப் பேசினார். கூட்டம் முடிந்தபோது யூனியன் ஜீப் வரவில்லை, பஸ்ஸும் போய்விட்டது. "ஏறிக்குங்கம்மா, காஞ்சிபுரத்துல எறக்கி வுட்டுடறேன்" என்று இவர் சொல்ல, நீயும் ஏறிவிட்டாய். என்னைப் போல ஆடி, தீபாவளி என்றெல்லாம் நீ தள்ளவில்லை.

பொழுது சாயும் நேரம். எதிரே வந்த நெல் மூட்டை லாரி ஒன்று, தனக்கு முன்னால் போன மாட்டுவண்டியை முந்துவதற்காக இவருடைய பக்கத்துக்கு ஏறி வந்து அடித்தது. இவருக்கு வலது கால் முட்டிக்குக் கீழே போனது. வண்டி இடப்பக்கமாகச் சரிந்து மைல் கல்லில் மோதியபோது, இந்தக் கம்பி மடங்கி, கல்லுக்கும் உன் காலுக்கும் நடுவில் நின்றது. உனக்கு மணிக்கட்டில் அடி, முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். "சாரி கார்டு இல்லன்னா அந்தம்மா காலும் பூட்டிருக்கும்" என்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். எனக்காக மாட்டியது உன்னைக் காப்பாற்றியதில் நான் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ லாரி முதலாளியின் ஆள் ஒருவர் பழக்கூடையோடு கட்டிலருகே வந்து நின்றார். "கோர்ட்டு கீர்ட்டுன்னு எதுக்கும்மா அலையணும்? மொதலாளி நல்லவரு. ஆஸ்பத்திரி செலவுக்குக் குடுக்கறேன்றாரு. இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க" என்றார். நானும் பேனாவை வாங்கிவிட்டேன். கட்டுப்போட்ட கையை ஏந்திக்கொண்டு பெண்கள் வார்டிலிருந்து நீ வந்தாய்.

"அக்கா, போடாதீங்க. இப்ப கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் கேஸே கெடையாது. லாரிக்கு இன்சூரன்ஸ் இருக்குது. நஷ்ட ஈடு கேட்டு மனு போடலாம்."

நீ சொன்னது முழுக்கச் சரி. ஆனால் என் புருஷனுக்கு எது நல்லது என்று என் எதிரிலேயே நின்று நீ சொல்கிறாய். அவர் தலையணையிலிருந்து உன்னைப் பார்த்துத் தலையாட்டுகிறார். பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். பழக்கூடையை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

வக்கீல் ஐயா சின்ன காஞ்சிபுரத்துக்காரர், சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். லாரி டிரைவர்மேல்தான் தப்பு என்று நிரூபித்தால்தான் நஷ்ட ஈடு என்றார். மோட்டார் சைக்கிள்தான் தன் பக்கத்துக்கு ஏறி வந்தது என்று டிரைவர் சாதிக்கிறான். மாட்டுவண்டிக்காரர் யாரென்றே தெரியவில்லை. "அடிபட்டவரு சொல்றத மட்டும் வெச்சிக்கினு நிக்க முடியாதும்மா. பின்னால ஒக்காந்திருந்தவங்க கூண்டுல ஏறிச் சொல்லணும்" என்றார். இதற்குள் பம்புசெட் கடை முதலாளி கொஞ்ச நாள் சம்பளம் கொடுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆளை வைத்துக்கொண்டார். காலில்லாதவர் கிணற்றில் எப்படி இறங்குவார்? நான் பக்கத்து வீட்டுத் தறிக்குப் பட்டு நூல் சுற்றிக் கொடுத்து அடுப்பெரித்தேன். கேஸ் ஜெயித்தால் எங்களுக்கு ஒரு பிழைப்பு. தோற்றால் என் அண்ணன் வீட்டில் போய் ஒண்ட வேண்டும்.

அதனால் நான்தான் ஓரிக்கைக்கு, உன் வீட்டுக்கு வந்தேன். உன் அண்ணன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"இன்னாம்மா பேசற நீ? கல்யாணம் ஆவாத பொண்ணு. எவனோ ஒருத்தன் பின்னால வண்டியில குந்திக்கினு வந்தேன்னு கோர்ட்டுல ஏறிச் சொன்னா, நாளைக்கி எவன் வந்து கட்டுவான்?"

அந்த எவனோ ஒருத்தன் என் புருஷன். இருந்தாலும் அவர் கேட்டது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. கேட்க வந்தவள் நானே, நீ மாட்டேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேன். நீ ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாய்.

"பாத்தவ நான். நான்தாண்ணா சொல்லணும். வேற யாரு சொல்லுவாங்க?"

வாய்தா நாளன்று மூன்று பேரும் ஒரே ரயிலில் செங்கல்பட்டுக்குப் போனோம். பெட்டியில் நான் உங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டேன். நீ போகும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாய்.

எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல் உன்னிடம் பேசினார்.

"பின்னால எப்படிம்மா உக்காந்து வந்தீங்க? ஆம்பளைங்க மாதிரியா?"

"இல்லீங்க. ஒரு பக்கமா."

"எந்தப் பக்கம் பாத்து?"

"இடது பக்கம்."

"இடது பக்கம் பாத்தா புளியமரம் தெரியும், வாய்க்கால் தெரியும். லாரி வந்தது முன்னால, வலது பக்கம். நடுவுல இவரு முதுகு. அப்ப லாரி யார் பக்கம் ஏறிச்சுன்னு எதை வெச்சுச் சொல்றீங்க? முதுகுல கண்ணு இருக்கா?"

கோர்ட்டில் சிரித்தார்கள். சேலை கட்டிய எந்தப் பெண்ணும் இடப்பக்கம் பார்த்துத்தான் உட்காருவாள். அது அந்த ஜட்ஜுக்கும் தெரியும், வாசலில் பேர் கூப்பிடுகிற டவாலிக்கும் தெரியும். அந்த ஒரு வழக்கத்திலேயே எங்கள் கேஸ் போய்விடும்போல் இருந்தது. எங்கள் வக்கீல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ என் பக்கம் திரும்பி ஒரு தடவை பார்த்தாய். என்னிடம் அனுமதி கேட்டாயா, மன்னிப்புக் கேட்டாயா, எனக்கு இன்றுவரை புரியவில்லை. பிறகு ஜட்ஜைப் பார்த்துச் சொன்னாய்:

"என் வலது கை அவரு தோள்மேல இருந்திச்சிங்க. காத்துல அவரு பேசறது கேக்கல. அதனால தோளுக்கு மேல எட்டி, காதைக் கிட்ட வெச்சிக்கினு வந்தேன். மொகம் ரோட்டப் பாத்துதான் இருந்திச்சி. லாரி எங்க பக்கம் ஏறினத என் கண்ணால பாத்தேன்."

"எவ்வளவு கிட்ட?"

"என் தாவாங்கட்டை அவரு தோள்ல இடிக்கிற அளவுக்கு."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஜட்ஜ் எழுதிக்கொண்டிருந்தார். வக்கீல் வேறு வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தார். நீ அதையேதான் திருப்பிச் சொன்னாய். அந்தப் பதில் வராவிட்டால் எங்களுக்குச் சோறு இல்லை. வந்தபோது எனக்குத் தாங்கவில்லை. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் பகல் வெளிச்சத்தில் என் தாவாங்கட்டை அவர் தோளில் பட்டது கிடையாது. அவரைத் திரும்பிப் பார்த்தேன். தலையைக் குனிந்து ஊன்றுகோலைத் தடவிக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

நஷ்ட ஈடு கிடைத்தது. ஸ்டேஷன் ரோடில் ஒரு வாடகை நூல் நிலையம் வைத்தோம், அவர் உட்கார்ந்தபடியே பார்க்கக்கூடிய தொழில் என்று. பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, தைத்து, அட்டை போடுவது என் வேலை. தைத்ததையெல்லாம் படித்துப் படித்துத்தான் எனக்கு இப்படி எழுத வந்தது. இதற்கும் நான் உனக்குக் கடமைப்பட்டிருக்கிறேன், பார்.

உனக்குப் பேசிக்கொண்டிருந்த சம்பந்தம் அந்தச் சாட்சியத்தோடு நின்றுபோனது. நீயே மாற்றல் கேட்டு வடாற்காடு பக்கம் போனாய். ஊரே "ஐயோ பாவம், எவ்வளவு பெரிய மனசு" என்றது. நான் காலில்லாத புருஷனைக் குளிப்பாட்டி, தூக்கி உட்கார வைத்து, கடையும் பார்த்தேன். அதை யாரும் பெரிய மனசு என்று சொல்லவில்லை. பெண்டாட்டி என்றால் செய்யத்தானே வேண்டும்.

வருஷா வருஷம் கருட சேவைக்கு வருவாய். கூட்டத்தில் கசங்கிப்போய்க் கடை பெஞ்சில் வந்து உட்காருவாய்; நான் மோர் கொடுப்பேன். உப்பு சரியாகப் போட்டுத்தான் கொடுத்தேன், அதில் குறை சொல்ல முடியாது. ஒரு வருஷம் அவர் உள்ளே போன நேரம் பார்த்துக் கேட்டேவிட்டேன்.

"அன்னிக்கு வண்டியில அப்படி இன்னாதான் பேசிக்கினு வந்தாரு?"

நீ சிரித்தாய். "ஒங்களப் பத்திதான் அக்கா. சாரி கார்டு போட்டும் ஏற மாட்டேன்றா, எப்படிச் சொன்னா ஏறுவான்னு என்னைக் கேட்டுக்கினு வந்தாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"சொல்றதுக்குள்ள லாரி வந்துடுச்சி."

நான் நம்பினேன். உனக்குப் பொய் வராது என்பதைக் கோர்ட்டிலேயே பார்த்தவள் நான். நம்பியதால் மனசு ஆறியதா என்றால், இல்லை. என்னைப் பற்றிப் பேசவும் அவருக்கு உன் காதுதான் கிடைத்ததா?

இந்த மார்கழியில், புத்தகம் மாற்ற வந்த யூனியன் ஜீப் டிரைவர் சொன்னார். "சேவிகாம்மா பூட்டாங்க சார். மஞ்சக் காமாலையாம்." இவர் கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தார். "கடையப் பூட்டும்மா, வூட்டுக்குப் போலாம்" என்றார். பட்டப்பகல். படி இறங்கும்போது அவருக்கு வலப்பக்கம் ஊன்றுகோல், இடப்பக்கம் என் தோள். கோர்ட்டுக்குப் போன காலத்திலிருந்து அப்படித்தான். என் ரவிக்கையெல்லாம் அந்தத் தோளில்தான் முதலில் நைந்துபோகும். அன்றைக்கு அந்தக் கை கனத்தது. ஏன் என்று எனக்குத் தெரியாதா? உதறிவிடத் தோன்றியது. உதறினால் விழுந்துவிடுவார். வீடுவரை தாங்கிக்கொண்டே வந்தேன். அவர் முகத்தை நான் எட்டிப் பார்க்கவில்லை.

இப்போது கம்பியை மடியில் வைத்துக்கொண்டு யோசிக்கிறேன். அன்றைக்கு நான் பின்னால் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வெட்கத்தில் தலையைத் தூக்காமல் இடப்பக்கப் புளியமரங்களையே எண்ணிக்கொண்டு வந்திருப்பேன். லாரி எங்கே ஏறியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. கேஸ் தோற்றிருக்கும். அந்தத் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிற துணிச்சல் உனக்குத்தான் இருந்தது. மற்றதையெல்லாம்கூட உனக்கு விட்டுக்கொடுத்துவிடுவேன், இதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

கம்பி மடங்கிய இடத்தில் என் காலை வைத்துப் பார்த்தேன். பொருந்தியது.

"இன்னாம்மா, போடறியா இல்லியா? வளைஞ்ச இரும்ப வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற?" என்று வாசலில் கத்தினான் இரும்புக்காரன். உள்ளேயிருந்து அவரும், "குடுத்துடும்மா, எதுக்கு அது" என்றார். நான் முந்தானையால் துருவைத் துடைத்தேன்.

"இல்லப்பா, நீ போ. இது குடுக்கறதுக்கு இல்ல. இது என்னுது."