நாய்க்குட்டியும் கான்ட்ரடிக்டரியும்

வெள்ளிக்கிழமை, இரவு. கோலா சாவா தோட்டம், மலாயா.

வேலியைத் தாண்டி ஒரு பருக்கை சோறு போகக்கூடாது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். வேலிக்கு அப்பால் ரப்பர் மர நிரையில் நானும் மணியமும் ஒளித்து வளர்க்கும் நாய்க்குட்டிக்கு அந்தச் சட்டம் தெரியாது. சீன முதலாளி தவுக்கே மாதிரி வயிறு அதற்கு, அதனால் பேரும் தவுக்கே.

இன்று காலை தோட்டத்து கேட்டில் நடந்த சோதனையில் என் ரப்பர் பால்வாளிக்குள் சோற்றுருண்டை மாட்டிக்கொண்டது. பிடிபட்டால் இருவரும் உண்மையைச் சொல்வதாகத்தான் பேச்சு. போலீஸ்காரர்கள் தனித்தனியாகக் கேட்டார்கள். நான் சொன்னேன். மணியமோ, "நாய்க்குட்டியா? அப்படி ஒண்ணும் இல்லையே சார்" என்றிருக்கிறான்.

வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் "கான்ட்ரடிக்டரி" என்றார். திட்டா, பாராட்டா என்று தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியாரிடம் கேட்டேன்.

"ரெண்டு பேச்சும் சேர்ந்து நிஜமா இருக்க முடியாதுடா. ஒண்ணு நின்னா இன்னொண்ணு விழணும்."

"எதுங்க விழும்?"

"சோறு யார் வாளியில இருந்துச்சோ, அவன் பேச்சுதான்."

நாளைக்கு அப்பாவும் என்னோடு ஸ்டேஷனுக்கு வரணுமாம். உணவு கடத்தினோம் என்று எழுதிவிட்டால் வேலையும் போகும், தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். அப்பா சாப்பிடவே இல்லை.

சாயங்காலம் பைப்படியில் மணியம் பக்கத்தில் வந்து, முகத்தைப் பார்க்காமல், "டேய், தவுக்கே பசியா கிடக்குமேடா" என்றான்.

குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். கிராணியாரிடம் இன்னொன்று கேட்கணும். அந்த "கான்ட்ரடிக்டரி"யை ஒரே ஆளோட ரெண்டு பேச்சுக்கும் சொல்லலாமா?